வேதக்காரக் காதல் கதை எழுத வருகிற பிள்ளைகளுக்கு

கதாநாயகன் செய்த பிழை என்ன, யாருக்குச் செய்தான், அந்த ஆளுக்கு அதனால் எவ்வளவு நட்டம்? இந்த மூன்றையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி மேசையில் ஒட்டாமல் முதலாம் அத்தியாயத்தில் கை வைக்காதேங்கோ. மீட்பும் கிருபையும் காதலும் கலந்த கிறிஸ்தவக் கதை என்று என்னிடம் ரைப் அடிக்கக் கொண்டுவருகிற பிள்ளைகள் அநேகமாகத் தவறவிடுவது இதைத்தான். "அவன் இருளில் உழன்றான், பாவச் சேற்றில் கிடந்தான்" என்று இரண்டு பக்கம் இருக்கும். என்ன பாவம் தம்பி என்று கேட்டால் முழிப்பார். பிறகு மெதுவாக, "கொஞ்சம் குடிப்பான் அக்கா" என்று வரும். கொஞ்சம் குடித்தவன் திருந்தினான் என்றால் வாசிக்கிற சனம் கொட்டாவி விடும். குடித்துவிட்டு வந்து யாருடைய பல்லை உடைத்தான், அந்தப் பல்லுக்கு யார் காசு கட்டினது என்று எழுதினால் நிமிர்ந்து இருக்கும்.

என் கடை பரந்தன் சந்திக்குக் கிட்ட. போட்டோக்கொப்பி, ரைப்பிங், ரீலோட், போம் நிரப்பிக் கொடுக்கிற வேலை. பிறந்தது நானாட்டானில், றோமன் கத்தோலிக்கக் குடும்பம். கலியாணம் கட்டி வந்தது மெதடிஸ்த வீட்டுக்கு. அதனால் பூசையும் தெரியும், ஆராதனையும் தெரியும். ஜீ.எஸ்ஸுக்கு (கிராம சேவகருக்கு) எழுதுகிற கடிதம், வங்கியிடம் தவணை கேட்கிற கடிதம், விட்டுட்டுப் போன மனிசனுக்கு மனிசி எழுதுவிக்கிற கடிதம் எல்லாம் என் விரலால் போகிறவை. அங்கே ஒருவரும் "இருளில் உழன்றேன்" என்று சொல்லி எழுதுவிப்பதில்லை. "மூத்தவளின்ர தோட்டை அடைவு வைச்சிட்டார்" என்றுதான் தொடங்குவினம். கதையையும் அங்கேயே தொடங்கலாம்.

காயத்தைப் பாவமாக எழுதாதேங்கோ

வன்னியில் இருந்து மீட்புக் கதை எழுதுகிறவரை முதலில் விழுத்துகிற பொறி, போர் முடிந்த 2009. ஒரு பெட்டை புலிகள் இயக்கத்தில் இருந்தாள், காலை இழந்தாள், முகாமில் இருந்தாள், புனர்வாழ்வு முடிந்து வந்தாள். நல்ல வேதக்காரப் பெடியன் ஒருவன் "உன்ர கடந்த காலத்தை நான் பொருட்படுத்தமாட்டன்" என்று கையைப் பிடிக்கிறான். கோயில் மணி அடிக்கிறது. முற்றும். இந்தக் கதை வேறு வேறு பெயரில் என் மேசைக்கு வந்தபடியே இருக்கிறது.

இதில் அவள் செய்த பிழை எது? சண்டையின் கடைசியில் வட்டுவாகல் பாலத்தால் நடந்து வந்ததா? செட்டிகுளம் முகாமில் கூடாரத்துக்கு முன்னால் தண்ணிக்கு லைனில் நின்றதா? பொருட்படுத்தமாட்டேன் என்று ஒருவன் பெரிய மனது பண்ணுவதற்கு அங்கே ஒன்றும் இல்லையே. யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் பிறவிக்குருடனைக் கண்டு சீடர் கேட்கிற கேள்வியும் இதே கேள்விதான்: இவன் செய்த பாவமா, பெற்றவர் செய்த பாவமா? இரண்டும் இல்லை என்று இயேசு சொல்லிவிடுகிறார். ஒருவருக்கு மற்றவர் செய்த கொடுமைக்கு ஆறுதல் வேண்டும், நீதி வேண்டும், மருந்து வேண்டும், சிலநேரம் சனம் சும்மா விட்டால் போதும். மீட்பு வேண்டியது தான் செய்ததற்குத் தான் பதில் சொல்ல வேண்டிய ஆளுக்கு. இந்த வித்தியாசம் பிடிபடாமல் வன்னியைப் பின்னணியாக வைத்து இந்த வகைக் கதை எழுதினால், நல்ல மனதோடு எழுதியும் எங்கட சனத்தை அவமானப்படுத்துவீர்கள்.

ஓசியா புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களும் இருக்கினம். சோரம் போன மனைவியைப் பதினைந்து வெள்ளிக்காசும் ஒன்றரைக் கலம் வாற்கோதுமையும் கொடுத்துத் தீர்க்கதரிசி மீட்டுக்கொள்கிறதாக மூன்றாம் அதிகாரத்தில் வருகிறது. அதை வைத்து உலகம் முழுக்க எழுதின காதல் கதைகளுக்குக் கணக்கில்லை. ஆனால் அங்கே ஓசியா நிற்பது கடவுளின் இடத்தில். உங்கள் கதையில் ஒரு பெடியனை அந்த இடத்தில் நிறுத்தி, விழுகிற வேலையை மட்டும் பெட்டைக்குக் கொடுத்தால் மிஞ்சுவது உபகாரம், காதல் இல்லை. நான் எழுதினால் விழுந்தவன் ஆம்பிளையாக இருப்பான்.

கடனை ரூபாயில் போடுங்கோ

ஒரு கதையைக் கட்டிக் காட்டுகிறேன். அன்ரன், வயது முப்பத்தொன்று. நுண்கடன் கொடுக்கிற ஒரு கம்பனியில் விசுவமடு, தருமபுரம் பக்கம் காசு அறவிடுகிற வேலை பார்த்தவன். இந்த வேலை எப்படி நடக்கும் என்று கதைக்குள் காட்டவேண்டும், ஏனென்றால் பாவம் அந்த ஒழுங்குக்குள்தான் கிடக்கிறது. பெண்களைக் குழுவாகச் சேர்ப்பினம். ஒருவருக்கு மற்றவர் பிணை. கிழமைக்குக் கிழமை ஒரு வீட்டு முற்றத்தில் கூட்டம், தவணை, தவணை அட்டையில் (காட்) கையெழுத்து. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவை தங்கள் காசைப் போட்டு நிரப்ப வேண்டும். நிரப்பும் வரை காசு அறவிட வந்தவர் எழும்பமாட்டார். பொழுதுபட்ட பிறகும் ஒரு ஆம்பிளையின் மோட்டச்சைக்கிள் தன் வாசலில் நிற்கிறது, அயல் பார்க்கிறது என்ற பயமே போதும், எங்கேயாவது புரட்டிக் கட்டிவிடுவினம்.

இனி அன்ரனின் பிழை. ரஞ்சினி என்ற பெண்ணிடம் மூன்று தவணை, தவணைக்கு 2,400 ரூபா, அட்டையில் பதியாமல் தன் பொக்கெற்றில் போட்டான். பிறகு "கட்டேல்லை" என்று அவளுடைய தையல் மெசினைத் தூக்கிக்கொண்டு போனான். அது 28,000க்கு வாங்கினது. மொத்தம் 35,200. இந்த எண்ணைக் கடைசி அத்தியாயம் வரை மறக்காதேங்கோ.

வரி அறவிட்ட சகேயுவின் கதை லூக்கா பத்தொன்பதில் இருக்கிறது. ஞாயிறு பள்ளிக்கூடத்தில் காட்டத்தி மரத்தையும் குள்ள மனிசனையும் படிப்பித்துவிட்டு விட்டுவிடுகிறோம். கணக்கைப் பாருங்கோ. பிழையைத் தானே ஒப்புக்கொண்டவன் முதலோடு ஐந்திலொரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்று லேவியராகமம் ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது. நாலு மடங்கு யாருக்கு? ஆட்டைத் திருடி அடித்துப்போட்டவனுக்கு, யாத்திராகமம் 22:1. சகேயு கேட்காமலே தன்னை ஆட்டுக்கள்ளனோடு சேர்த்துக்கொண்டு நாலத்தனை தருகிறேன் என்கிறான். அன்ரனுக்கு வாருங்கோ. ஐந்திலொன்று கூட்டினால் 42,240. நாலு மடங்கு என்றால் 1,40,800. கம்பனி வேலையை விட்டு இப்ப தண்ணி மோட்டர் திருத்தி வயிறு வளர்க்கிறவன் இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் எங்கே போய் நிற்கிறான் என்பது ஒரு முழு அத்தியாயத்துக்குக் காணும். அவன் குறைந்ததைக் கொடுக்க நினைத்து ஒரு இரவு முழுக்கத் தன்னோடு தர்க்கம் பண்ணினால் இன்னும் நல்லது.

இன்னொன்றும் இருக்கிறது, இதுதான் முக்கியம். சகேயு காசைத் திருப்பித் தந்த பிறகு இயேசு அவன் வீட்டுக்குப் போகவில்லை. முதலில் "இன்றைக்கு உன் வீட்டில் தங்கவேண்டும்" என்கிறார், ஊர் முறுமுறுக்கிறது, அதற்குப் பிறகுதான் இவன் எழும்பி நின்று கணக்குச் சொல்கிறான். உங்கள் கதையிலும் அந்த வரிசை மாறக்கூடாது. தகுதி வந்த பிறகு கிடைக்கிறது சம்பளம். தகுதிக்கு முன்னால் ஒருவர் ஏதோ ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும். அது அவனைச் சுட வேண்டும். மறுபக்கமும் உண்டு. கிடைத்ததை வாங்கிக்கொண்டு ஒன்றும் திருப்பாமல் போகிறவனுக்கு எழுதுகிற கதையும் சரிவராது. மனந்திரும்புதல் இல்லாத மன்னிப்புக்கு மலிவான கிருபை என்று 1937இல் எழுதினவர் ஜேர்மன் போதகர் டீற்றிச் போன்ஹோபர். 1945 ஏப்ரலில் நாசிகள் அவரைத் தூக்கில் போட்டார்கள். அவருடைய கிருபை மலிவாக இருக்கவில்லை.

சரி, அந்த இடத்தை எழுதுவது எப்படி? கொண்டுவருகிற பிரதியில் பெரும்பாலும் இப்படி இருக்கும்: "ரஞ்சினியின் கண்கள் குளமாகின. நான் உன்னை மன்னித்துவிட்டேன் மகனே என்றாள். அன்ரனின் உள்ளத்தில் சமாதானம் பொங்கியது." நான் இப்படி எழுதுவேன்:

அன்ரன் ஹெல்மெற்றைக் கழற்றாமல் படலையில் நின்றான். வெயில். மோட்டர் பாக்க வந்த ஆள் என்று நினைத்து ரஞ்சினி தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து திண்ணையில் வைத்தாள்.

"குடியுங்கோ தம்பி. மோட்டர் பின்னால கிடக்கு."

அவன் ஹெல்மெற்றைக் கழற்றினான். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோப்பையையும் பார்த்தாள். அது வைத்த இடத்திலேயே இருந்தது.

"மெசின் எங்க?"

"வித்திட்டன் அக்கா."

"எவ்வளவுக்கு?"

"பதினெட்டு."

"அது இருபத்தெட்டு."

"தெரியும்."

"ஆறுது. குடிச்சிட்டுப் பின்னால போய் மோட்டரைப் பார்."

மன்னிப்பு என்ற சொல் இதில் இல்லை. "குடியுங்கோ" என்றவள் "பார்" என்று இறங்கிவிட்டாள், ஆனால் கோப்பையை எடுக்கவில்லை. சனம் அழும், நீங்கள் அழத் தேவையில்லை. காசுக் கடிதவுறை அடுத்த அத்தியாயத்தில் வரட்டும்.

மூத்த மகனுக்கும் இடம் வையுங்கோ

கெட்ட குமாரன் கதையில், தகப்பனின் சொத்தைப் பிரித்து வாங்கி அழித்த இளையவன் திரும்பி வந்ததோடு எங்கட பிரசங்கங்கள் முடிந்துவிடும். லூக்கா முடிக்கவில்லை. தம்பிக்கு விருந்தா என்ற கோபத்தில் மூத்தவன் வெளியில் நிற்கிறான், தகப்பன் அவனிடமும் எழும்பிப் போய்க் கெஞ்சுகிறார், அவன் உள்ளே போனானா இல்லையா என்று நமக்குச் சொல்லப்படவே இல்லை. இந்தக் கதைக்கு மூத்த மகன் யார்? குழுத் தலைவி. ரஞ்சினியின் தவணையை நிரப்ப ஒவ்வொரு கிழமையும் வீடு வீடாகப் போனவள், கடைசியில் தன் தாலிக்கொடியை அடைவு வைத்தவள். ரஞ்சினி தேத்தண்ணி கொடுத்தாள் என்று கேள்விப்பட்டதும் அவளுக்கு விசர் வரும். வரவேண்டும். அவளை வில்லியாக்காதேங்கோ, கடைசியில் ஜெபம் பண்ண வைத்துச் சரிக்கட்டவும் வேண்டாம். அவள் சொல்வதில் ஒரு வரியாவது வாசகரால் மறுக்க முடியாததாக இருக்கவேண்டும். "அவன் தந்தது உன்ர கணக்கு. என்ர கொடியை ஆர் மீட்கிறது?" அதற்கு அன்ரனிடம் பதில் இல்லாவிட்டால் கதை நல்லாக இருக்கும்.

(கதை நடப்பது 2018க்குப் பிறகு என்றால் ஒரு கவனம். வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அந்த வருடம் அறிவித்தது. பெயர் பட்டியலில் வந்ததா, வரவில்லையா என்று பெண்கள் அலைந்ததை எழுதாவிட்டால் ஊர்ச் சனம் பிடித்துவிடும்.)

காதலி யார், உண்மை எப்படி வெளியில் வருகிறது

ஜெனிற்றா, ரஞ்சினியின் தங்கச்சி. முகமாலையில் மிதிவெடி எடுக்கிற வேலை. முகத்துக்கு மறைப்பு, நெஞ்சுக்குக் கவசம், முழங்காலில் இருந்து நிலத்தை அங்குலம் அங்குலமாகத் துப்புரவாக்கிச் சிவப்புத் தடி நட்டு நகர்கிற வேலை. இதைச் செய்கிறவர்களில் நிறையப் பேர் பெண்கள். அவளைப் பாவப்பட்ட பிள்ளையாக எழுதவேண்டாம். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. அவசரப்படாமல் இருக்கப் பழகினவள், அதனால் அன்ரன் அவசரப்பட்டால் அவளுக்கு உடனே தெரியும். தொழில் கதாபாத்திரத்துக்குள் இப்படி இறங்க வேண்டும். "அவள் இதயத்திலும் கண்ணிவெடிகள் இருந்தன" என்று மட்டும் எழுதிவிடாதேங்கோ, கும்பிட்டுக் கேட்கிறேன்.

அக்காவின் மெசினைத் தூக்கினவன் இவன்தான் என்று தெரியாமல் அவளுக்கு அவனைப் பிடித்துப்போகிறது. எப்படித் தெரியவரும்? இங்கேதான் அதிகம் சறுக்குகிறார்கள். பாதர் அவளைக் கூப்பிட்டு, "அவன் என்னிடம் எல்லாம் சொல்லி அழுதான் பிள்ளை" என்பார். நடக்கவே நடக்காது. பாவசங்கீர்த்தனத்தில் (பாவ அறிக்கையில்) கேட்டதைக் குரு வெளியிட முடியாது. நேரடியாக வெளியிட்டால் அந்த நொடியே அவர் சபைவிலக்கத்துக்கு உட்படுவார் என்பது திருச்சபைச் சட்டம். உங்கள் பாதருக்கு எல்லாம் தெரிந்தும் ஒன்றும் சொல்ல முடியாமல் அவள் கொடுத்த பணியாரத்தைச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறார் என்று எழுதுங்கோ. அது எவ்வளவு நல்ல இடம்!

பெந்தெகொஸ்தே சபை என்றால் வேறு வழி திறக்கும்: சாட்சி சொல்லுதல். அன்ரன் மைக்கைப் பிடித்து, "ஒரு ஏழைச் சகோதரியின் தையல் மெசினை நான் பறித்தேன், அவள் என் காலில் விழுந்து அழுதாள், அந்த என்னையும் ஆண்டவர் தூக்கி எடுத்தார், அல்லேலூயா" என்கிறான். சபை கைதட்டுகிறது. நாலாவது வரிசையில் ஜெனிற்றா இருக்கிறாள். அக்கா காலில் விழுந்தது அவளுக்கு அதுவரை தெரியாது. எனக்கு இந்த இடத்தில் சபைக்காரரோடு நெடுநாள் மனத்தாங்கல் உண்டு. சாட்சி நல்ல வழக்கம். ஆனால் பாதிக்கப்பட்டவளிடம் கேட்காமல் அவளுடைய கண்ணீரை எடுத்துச் சொல்லும்போது, அது அவனுடைய சாட்சிக்குப் போட்ட கறிவேப்பிலை ஆகிவிடுகிறது. ஜெனிற்றா எழும்பி வெளியில் போகட்டும். காதல் உடைகிற இடம் இதுவாக இருக்கட்டும். அவன் திருட்டை விட இந்த மைக் அவளை அதிகம் நோகச் செய்தது என்று அவள் பிறகு சொல்லலாம்.

திரும்பச் சேர்கிற இடத்துக்கு நான் எப்போதும் யோவானையே பார்ப்பேன். இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மூன்றுதரம் மறுதலித்தது கரிநெருப்புக்குப் பக்கத்தில், பதினெட்டாம் அதிகாரம். இருபத்தோராம் அதிகாரத்தில் கடற்கரையில் மறுபடி கரிநெருப்பு, மேலே மீன். சாப்பிட்ட பிறகு பேதுருவிடம் இயேசு கேட்பது மூன்று கேள்வி, மறுதலித்த தரத்துக்குச் சரியாக. நெருப்பைப் பற்றி ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. எழுதினவர் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதுபோல அன்ரனைக் குழு கூடின அதே முற்றத்துக்கு, அதே கிழமை நாளில் கொண்டுவாருங்கோ. வாசகர் தானே கண்டுபிடிப்பார். "அதே முற்றம்!" என்று எழுதிக் காட்டிக்கொடுக்காதேங்கோ.

அவள் மாட்டேன் என்றும் சொல்லலாம்

ஆண்டவர் மன்னித்தார், அக்காவும் ஒரு மாதிரி மன்னித்தாள். அதற்காக ஜெனிற்றா அவனைக் கலியாணம் கட்டவேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. இந்த வகைக் கதைக்கு நல்ல முடிவு வேண்டும் என்பது எழுதாத ஒப்பந்தம். வாசகி அதற்குத்தான் வாங்குகிறாள், நானும் கொடுப்பேன். ஆனால் அவள் "இல்லை" என்று சொல்லக்கூடிய கதவு கடைசிவரை திறந்து கிடந்தால்தான் அவளுடைய "ஓம்"க்கு மதிப்பு. குறைந்தது ஒரு காலபோகமாவது கடக்கட்டும். ஐப்பசி மழைக்கு விதைத்து மாசியில் வெட்டும் வரை அவன் ஒன்றும் கேட்காமல் இருக்கட்டும். அவள் அவனைக் கவனிப்பதற்கும் அந்தக் காலம் வேண்டும்.

இன்னொரு வகைக் கதை இருக்கிறது, அதற்குத் துணிச்சல் வேண்டும்: கணவன் காணாமல் ஆக்கப்பட்ட பெண்ணுக்கு மறுபடி ஒருவன் மேல் மனம் போகிறது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர் தொடங்கிய போராட்டக் கொட்டிலைக் கடந்து பஸ்ஸில் போகாத வன்னியார் இல்லை. இப்படிப்பட்ட கதைகளில் பத்தாம் அத்தியாயம் வந்ததும் கணவன் இறந்துபோன செய்தியை யாரோ கொண்டுவருவார்கள், பாதை துப்புரவாகிவிடும். தயவுசெய்து அப்படி அவனைக் கொல்லாதேங்கோ. கத்தோலிக்கப் பெண் என்றால் எத்தனை வருடம் போனாலும், ஆள் இல்லை என்பது மட்டும் மறுமணத்துக்குப் போதாது. இறந்திருக்க வேண்டும் என்று ஆயர் விசாரித்து அறிவிக்க வேண்டும், சட்ட இலக்கம் 1707. கிளிநொச்சி, முல்லைத்தீவு யாழ்ப்பாண மறைமாவட்டம். வவுனியா, மன்னார் என்றால் மன்னார் மறைமாவட்டம். எந்த ஆயருக்குக் கடிதம் போகிறது என்பதைப் பிழையாக எழுதவேண்டாம். ஆனால் கடிதம் எழுதுவதுதான் கஷ்டம். அதில் கையெழுத்து வைத்தால் அவர் இல்லை என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நினைக்கிற பெண்கள் என் கடைக் கதிரையில் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அவள் பாவம் செய்யவில்லை, ஆனால் பாவம் செய்த மாதிரி உணர்கிறாள். அந்த உணர்வை எழுதுங்கோ, அதற்குக் கிருபையை மருந்தாகத் தடவாதேங்கோ. மாமி ஒருநாள், "பிள்ளை, உனக்குச் சரியெண்டாச் செய்" என்று சொன்னால் அது ஆயரின் கடிதத்தை விடப் பெரிய சம்பவம்.

ஊர், காலம், பேச்சு

இரண்டு பேர் தனியாகச் சந்திக்க வன்னிக் கிராமத்தில் இடம் இல்லை. பார்க், கோப்பிக் கடை என்று எழுதினால் கொழும்பாகிவிடும். பஸ் தரிப்பிடம், ஆஸ்பத்திரி ஓ.பீ.டீ லைன், பரந்தன் முல்லைத்தீவு ஏ35 றோட்டில் நெல் காயப்போட்டுக் காவல் இருக்கிற மத்தியானம், இவைதான் கிடைக்கும். ரூத்தும் போவாசும் சந்தித்த களம் போல ஒன்று வேண்டும் என்றால் அந்த றோட்டுக்கரைதான் இன்றைய களம். வெட்டின கதிரைக் குவித்துச் சூடு வைக்கிற காலம் போய் வெட்டு மெசின் வந்துவிட்டது. 2018 டிசம்பர் வெள்ளத்தையும் பாவிக்கலாம். பள்ளிக்கூட மண்டபத்தில் பிடிக்காத குடும்பங்கள் பக்கத்தில் பக்கத்தில் பாய் போட நேர்ந்த நாட்கள் அவை.

மடு மாதா கோயில் என்றால் ஆவணித் திருவிழா. கொடியேறிப் பதினைந்தாம் திகதி வரை காட்டுக்குள் கூடாரம் அடித்து, சமைத்து, பைப்படியில் லைனில் நின்று வாழ்கிற சனம்; சைவக்காரரும் வருவினம். அன்ரனும் ஜெனிற்றாவும் முதலில் கதைக்கிற இடமாக நான் பைப்படியைத்தான் வைப்பேன். மாதாவின் வரலாற்றை வைக்க ஆசை வந்தால் அளவாக: 1670இல் ஒல்லாந்தருக்குப் பயந்து மாந்தையில் இருந்து சொரூபத்தைக் காட்டுக்குள் கொண்டுபோனது, 2008 ஏப்ரலில் சண்டைக்குப் பயந்து தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனது. சனம் தூக்கிக்கொண்டு ஓடின மாதாவுக்கு முன்னால் மெசினைத் தூக்கிக்கொண்டு போனவன் நிற்கிறான். அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். கலியாணத் திகதி வைக்கும்போது தவக்காலம் குறுக்கே விழுகிறதா என்று கலண்டரைப் பாருங்கோ. மாசியில் அறுவடை முடிந்து கையில் காசு வருகிற நேரம்தான் அநேகமாகச் சாம்பல் புதனும் வரும். கதைக்கு இது நல்ல இழுபறி.

ஜெனிற்றா அன்ரனை முதலில் "அண்ணா" என்றுதான் கூப்பிடுவாள். தெரியாத பெடியனை வேறெப்படிக் கூப்பிடுவது? காதல் வந்த பிறகு அண்ணா போய்விடும், ஆனால் பெயர் சொல்லவும் வாய் வராது. நாலைந்து அத்தியாயம் அவள் ஒன்றும் சொல்லிக் கூப்பிடாமல், "இஞ்ச பாருங்கோ", "கேட்டதோ" என்று சமாளிக்கட்டும். முத்தம் வைத்து எழுதினாலும் இவ்வளவு சூடு வராது. முத்தம் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். கலியாணத்துக்குப் பிறகு, கதவுக்கு வெளியில் நின்று எழுதுங்கோ. கோயில் அக்காமார் புத்தகத்தை மகளுக்குக் கொடுக்கத் தயங்கக்கூடாது. அதற்காக உடம்பே இல்லாத ஆட்களாக எழுதவேண்டாம். மிதிவெடி வேலை முடிந்து வந்தவளின் முழங்கால் நோவு, அவன் கையில் போகாத கிரீஸ் மணம், இவை பாவம் இல்லை.

எழுதி முடித்த பிறகு

தொடராக விட்டால் வாட்சப்பில் அத்தியாயத்துக்கு ஆயிரம் ஆயிரத்திருநூறு சொல்லுக்கு மேல் ஒருவரும் வாசிக்கமாட்டினம். புத்தகம் என்றால் ஐம்பதாயிரம் சொல் காணும். அச்சுக்குப் போக முதல், உண்மையாகவே குழுக்கடன் கட்டின ஒரு பெண்ணுக்கு வாசித்துக் காட்டுங்கோ. தவணை நாள், காட், பிணை எல்லாம் அவ திருத்துவா. அவவின் சொந்தக் கதையை உருவிக்கொண்டு வந்து போடாதேங்கோ. மைக்கில் அன்ரன் செய்ததைப் பேனையால் நீங்களும் செய்யக்கூடாது.

பிறகு பாஸ்டரோ பாதரோ வாசிப்பார். அவர் கேட்கப்போவது எனக்கு இப்பவே தெரியும்: கடைசி அத்தியாயத்தில் அன்ரனுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமே, குழுத் தலைவியும் கோயிலுக்கு வந்தால் நல்லாயிருக்குமே. மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, லூக்கா பதினைந்தில் மூத்த மகன் உள்ளே போனானா பாதர் என்று திருப்பிக் கேளுங்கோ. நல்ல குருவானவர் என்றால் சிரிப்பார். முன்னுரை எழுதித் தரவும் கூடும்.

பிரதியை என்னிடம் கொண்டுவருவதென்றால் யூனிகோட்டில் கொண்டுவாருங்கோ. பழைய பாமினி எழுத்துருவில் அடித்துக்கொண்டு வந்தால் மாற்றுகிற காசு தனி.